உப்புப் போட்ட ஐஸ்

1. மீனுக்கு முந்தி வந்த மணம்

கபூர் ஹாஜியாரின் போட் ஆழ்கடலில் இருந்து திரும்பி வந்த அன்று, மீன் கரைக்கு இறங்கும் முன்பே மணம் இறங்கிவிட்டது. அது நல்ல மீன் மணம் இல்லை. கல்முனைக் கடற்கரையில் வளர்ந்த எவனுக்கும் அந்த இரண்டு மணத்துக்கும் வித்தியாசம் தெரியும். ஏலம் கூறுகிறவர் ஒரு சூரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு அடுத்த வள்ளத்து மீனைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அப்போது ஐஸ் பெக்டரி வாசலில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். மெசினுக்கும் டேங்குக்கும் நான்தான் பொறுப்பு. பெயர் மஜீத். கரையில் எல்லாருக்கும் மஜீத் காக்கா, அதாவது அண்ணன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைக் கல்லாக்கிக் கொடுத்து இப்போது ஓய்ந்து இருக்கிறேன். இதை எழுதச் சொன்னவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு சேர். "சடப்பொருள் பாடத்தப் பிள்ளைகள் நல்லாப் பாடமாக்குறாங்க காக்கா. ஆனா உருகுநிலையத் தெரிஞ்சு என்ன பிரயோசனம் எண்டு கேக்குறாங்க. உங்கட உப்புக் கதைய எழுதித் தாங்க" என்றார். கேட்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். பிரயோசனம் என்ன என்று சொல்கிறேன். கொஞ்சம் கோபக்காரன் எழுதுகிறான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"மஜீத், என்ன ஐஸ் தந்தீங்க? பாதிப் பயணத்திலேயே செத்துப் போச்சு. மீனெல்லாம் கருவாட்டுக்கும் உதவாது."

"எங்கட ஐஸில பிழையில்ல ஹாஜியார். அதே ஐஸ்தான் மத்த போட்டுகளுக்கும் போனது."

"அப்ப எனக்கு வந்தது மட்டும் எப்படி? கேன முந்தி இழுத்திருக்கான் அந்த சிவா. கட்டி வெளிய கல்லு, வயித்துக்குள்ள தண்ணி. எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது சும்மா கதை இல்லை. அவசரப்பட்டு இழுத்தால் அப்படி வரும். ஐஸ் கட்டி வெளிச்சுவரில் இருந்து உள்ளே நோக்கித்தான் உறையும். நடுவயிறு கடைசியில்தான் இறுகும். கலங்கலும் காற்றும் உப்பும் எது தண்ணீரில் கரைந்திருந்தாலும் அதை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே உறைந்து வரும். முந்தி இழுத்தால் நடுவில் தண்ணீர் நிற்கும். ஹாஜியாரும் பழைய ஆள், கண்டு கேட்டவர்.

சிவா எங்கள் கிரேன்காரன். தம்பிலுவிலில் இருந்து பஸ் ஏறி வருகிறவன். கேன்களைத் தூக்கி, சாதாரண தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கி, கவிழ்த்துக் கட்டியைச் சறுக்க விடுவது அவன் வேலை. அவன் கேனை முந்தி இழுக்கிறவன் இல்லை. நான் இழு என்றாலும் "இன்னும் கொஞ்சம் பொறுங்க அண்ணன்" என்று என்னையே நிறுத்துகிறவன்.

அன்றைக்கே எங்கள் முதலாளி கொழும்பில் இருந்து போன் எடுத்தார். ஹாஜியார் எனக்கு முந்தி அவருக்குச் சொல்லிவிட்டார். "மஜீத், ஹாஜியாருக்கு இன்னும் போட்டுகள் இரிக்கி. எல்லாம் வேற பெக்டரிக்குப் போனா நாங்க கதவப் பூட்ட வேண்டியதுதான். அந்தக் கிரேன்காரன நிப்பாட்டுங்க."

சிவா பக்கத்தில்தான் நின்றான். போனில் வந்த சத்தம் அவனுக்கும் கேட்டது. கிரேன் கொக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

இதில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கபூர் ஹாஜியாரின் அந்தப் போட்டை ஓட்டும் ஸ்கிப்பர் வேறு யாருமில்லை, என் மருமகன் இர்ஷாத். என் ஒரே மகள் நஸ்லியாவின் மாப்பிள்ளை. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை மகள் பெயரில் எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே எடுத்தோம். நானும் என் மனிசியும் பின் அறையில். ஆகவே நான் தூங்குவதும் சாப்பிடுவதும் நஸ்லியாவின் வீட்டில். ஐஸில் பிழை இல்லை என்றால் பிழை போட்டில். போட்டில் பிழை என்றால் கேள்வி ஸ்கிப்பரிடம்தான் போகும். சிவாவின் வேலை ஒரு பக்கம், என் மருமகனின் போட் மறுபக்கம்.

2. எங்கள் டேங்கில் என்ன நடக்கிறது

பிள்ளைகளுக்காக இதை இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

பெக்டரிக்குள் வந்தால் முதலில் கண்ணில் படுவது உப்பு மூட்டை. பெரிய டேங் நிறைய உப்புத் தண்ணீர். அதற்குள் தகரக் கேன்கள் வரிசையாகத் தொங்கும். கேனுக்குள் நல்ல தண்ணீர். அமோனியா மெசின் உப்புத் தண்ணீரின் சூட்டை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். உப்புத் தண்ணீர் மைனஸ் பத்துக்குப் போனாலும் உறையாது, தண்ணீராகவே ஓடித் திரியும். நல்ல தண்ணீர் பூச்சியத்திலேயே உறைந்துவிடும். அதனால் கேனுக்குள் இருப்பது கல்லாகும், வெளியே இருப்பது திரவமாகவே நிற்கும்.

கவனியுங்கள். குளிரை உண்டாக்குவது மெசின். உப்பு செய்வது ஒரே ஒரு வேலை, டேங்குத் தண்ணீரை உறைய விடாமல் வைத்திருப்பது. உப்புக்கும் ஐஸுக்கும் நடுவில் தகரச் சுவர் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு ஊசித் துளை விழுந்தாலும் அந்தக் கேன் நாள் முழுக்கக் கிடந்தாலும் சரியாக இறுகாது. கூழாகத்தான் வரும், அதைக் கண்ட உடனே கீழே ஊற்றிவிடுவோம்.

ஆனால் வெளியில் இருந்து பார்க்கிறவன் என்ன காண்பான்? மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறோம். மறுநாள் ஐஸ் வருகிறது. அவன் கண்ட காட்சி சரி. அதில் இருந்து அவன் எடுத்த விளக்கம்தான் பிழை.

3. போட்டில்

"ஹாஜியார், ஒரு ஆளட சோத்தில மண் அள்ளிப் போடுறதுக்கு முந்தி எனக்கு மீன் அறையக் காட்டுங்க" என்றேன்.

"வாங்க, பாருங்க. நாறுது."

எனக்குக் கடல் ஒத்துவராது. ஐஸ்காரன் என்றாலும் வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றும். போட் ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்றது. சின்ன வள்ளத்தில் ஹாஜியார், இர்ஷாத், சிவா, நான். சிவாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவன்மேல் பழி என்றால் அவன் இருக்கும்போதே கதைக்க வேண்டும். போகும் வழியில் இர்ஷாத் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "விழுந்திடாதீங்க மாமா" என்றான். நல்ல பிள்ளை. அன்றும் இன்றும் அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

மீன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மிஞ்சிய மீன்கள் ஒரு மாதிரியாக இருந்தன. சில மீனின் தோல் உறைந்து வெடித்திருந்தது, கண் வெளிறிப் பாலாகியிருந்தது. உள்ளே சதை மசிந்து கிடந்தது. ஐஸ் போதாமல் கெட்ட மீன் மெதுவாகத்தான் கெடும், தோல் உறைந்து வெடிக்காது. மூலையில் கொஞ்சம் ஐஸ் கூழ் மிஞ்சிக் கிடந்தது. கையை வைத்தேன். விரல் விறைத்து, சுட்டதுபோல் வலித்தது.

இடுப்பில் செருகியிருந்த தெர்மோமீட்டரை எடுத்துக் கூழுக்குள் குத்தி வைத்தேன்.

உலகத்தில் எந்த ஊரில் போய்ப் பார்த்தாலும், சுத்தமான ஐஸும் அது உருகிய தண்ணீரும் ஒன்றாகக் கிடந்தால் தெர்மோமீட்டர் பூச்சியம் காட்டும். ஐஸ் உருகி முடியும்வரை அது ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. வெயிலில் வைத்தாலும் பூச்சியம், பெட்டிக்குள் வைத்தாலும் பூச்சியம். பிள்ளைகளின் பாடத்தில் இதற்குத்தான் உருகுநிலை என்று பெயர். தூய பதார்த்தம் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒன்று இருக்கிறது. அது இறங்கினால் அந்தப் பதார்த்தம் தனியாக இல்லை, வேறொன்று கலந்திருக்கிறது.

சிவப்புக் கோடு பூச்சியத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. மைனஸ் ஐந்தில் நின்றது. இன்னொரு தரம் குலுக்கி வைத்தேன். அதே மைனஸ் ஐந்து.

"ஹாஜியார், இது எங்கட ஐஸ் இல்ல. இதுக்குள்ள உப்பு கலந்திருக்கு. முந்தி இழுத்த கட்டியா இருந்தா பூச்சியத்திலதான் நிக்கும். சிவாவில பிழையில்ல."

சிவா மேலே பலகையில் குந்தியிருந்தவன், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"உப்பு எங்கால வந்தது?" என்றார் ஹாஜியார்.

இர்ஷாத்தான் பதில் சொன்னான். "கடல் தண்ணி புகுந்திருக்கும் ஹாஜியார். இந்தப் பக்கத்துப் பலகை ஒண்டு ஈரமாத்தான் கிடக்கு. கசிவு இரிக்கி."

ஹாஜியார் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். ஈரம் இருந்தது. அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு கழன்றது. "அப்ப சரி. ஐஸிலயும் பிழையில்ல, ஸ்கிப்பரிலயும் பிழையில்ல. பலகைய மாத்துவம். என்ன மஜீத்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சிவாவின் வேலை தப்பும். என் மருமகனின் போட் தப்பும். மகள் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு பலகைச் செலவோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் கடல் தண்ணீருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கடலில் உள்ள உப்பு கொஞ்சம்தான். கடல் தண்ணீர் மைனஸ் இரண்டுக்குக் கிட்டவே உறையத் தொடங்கிவிடும். அது நல்ல ஐஸோடு கலந்தால் உப்பு இன்னும் ஐதாகி நீர்த்துப்போகும், மைனஸ் இரண்டுக்கும் வந்து சேராது. மைனஸ் ஐந்துக்கு இறக்க வேண்டுமானால் யாரோ உப்பைக் கையால் அள்ளிப் போட்டிருக்க வேண்டும். அந்தப் போட்டில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

நான் பெரிய நியாயவான் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு குணம், பிழையான காரணம் ஒன்று முன்னால் வந்து நின்றால் உடம்பு கடிக்கும். சொல்லிவிட்டுத்தான் ஓய்வேன். மனிசி இதற்காக என்னோடு பிடித்த சண்டைகள் கொஞ்சமல்ல.

"இல்ல ஹாஜியார்" என்றேன். "கடல் தண்ணி இவ்வளவு கீழ இறக்காது. இது மூட்டை உப்பு."

போட் ஆடிக்கொண்டிருந்தது. இர்ஷாத் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில், அதுதான் என்னைக் குத்தியது. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"ஓம், உப்பு போட்டதுதான்" என்றான். "நான்தான் போட்ட. அதில என்ன பிழை மாமா? ஐஸ் இறுகத்தானே போட்ட? உங்கட பெக்டரில மூட்டை மூட்டையாக் கொட்டுறீங்க. சாப்பாடு கொண்டு வாற நேரமெல்லாம் கண்டிரிக்கன். போட்ட உடன ஐஸ் ஒண்டோட ஒண்டு ஒட்டி இறுகினது. மீன் கல்லு மாதிரி வந்தது. பொறகு குறையக் குறைய இன்னும் போட்ட. அந்தப் பலகைதான் கெடுத்தது. வல்லாஹி, நான் நல்லதுக்குத்தான் செய்த."

ஹாஜியார் கையை நீட்டினார். "திறப்பத் தாங்க தம்பி" என்றார். சத்தம் போடவில்லை. இர்ஷாத் எஞ்சின் சாவியைக் கழற்றிக் கொடுத்தான். கரைக்கு வரும்வரை என் தோளை யாரும் பிடிக்கவில்லை.

4. நஸ்லியாவின் வீடு

வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முந்தி வந்திருந்தது. நஸ்லியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

"வாப்பா, கடல் தண்ணி எண்டு விட்டிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்? ஒரு பலகைய மாத்தியிருப்பாங்க. இப்ப என்ட மனுசன் திறப்பக் குடுத்திட்டு வந்து குந்திட்டு இரிக்கார்."

"மைனஸ் அஞ்சு காட்டினது மகள். நான் என்ன செய்ய?"

"தெர்மோமீட்டருக்கா பிள்ளை குட்டி இரிக்கி?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. மனிசிதான் பின் அறைக்குச் சோறு கொண்டு வந்தாள். அவளும் சும்மா தரவில்லை. "அந்தச் சிவாவப் பாதுகாத்தது நல்லம்தான். அதோட நிப்பாட்டியிருக்கலாமே" என்றாள். சிவாவின் வேலை தப்பியது, அது உண்மை. மறுநாள் அவன் வீட்டில் இருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து பெக்டரி மேசையில் வைத்தான். எனக்கு ஒரு பழம்கூட இறங்கவில்லை. பெக்டரிப் பொடியன்கள் தின்று முடித்தார்கள்.

இர்ஷாத் என்மேல் மரியாதை குறைக்கவில்லை. ஆனால் உப்புத்தான் ஐஸைத் தீர்த்தது என்று நான் சொன்னதை நம்பவும் இல்லை. உப்புப் போட்ட உடனே குளிர் கூடியதை அவன் தன் கையால் தொட்டுப் பார்த்தவன். கையால் தொட்டதை மாமனார் ஒரு கண்ணாடிக் குச்சியை வைத்துப் பிழை என்றால் எவன் நம்புவான்? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

கொஞ்ச நாள் போக, ஒரு காலையில் அவன் பெக்டரிக்கு வந்து சிவாவிடம் ஒரு கட்டி ஐஸ் வாங்கி, உடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பகல் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இரண்டு போம் பெட்டி, மீன் அடைக்கும் தெர்மோகோல் பெட்டிகள். இரண்டிலும் ஒரே அளவு ஐஸ். ஒன்றில் உப்பு, மற்றதில் வெறும் ஐஸ். என் கணக்கைப் பொய்யாக்கத்தான் வைத்திருக்கிறான் என்று பார்த்த உடனே விளங்கியது. நான் பின் அறைக்குப் போய்ச் சாரம் மாற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

பின்னேரம் அவன் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உரத்துக் கதைத்தான்.

"இஞ்ச வாங்க நஸ்லியா. ரெண்டிலயும் கைய வச்சுப் பாருங்க. எது கூடக் குளிர்?"

"உப்புப் போட்டதுதான். அல்லாஹ்வே, கை விறைக்குது."

"அதத்தான் நானும் சொன்ன."

உள்ளே படுத்திருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவன் சொன்னது முழுக்க உண்மை. உப்புப் போட்டால் குளிர் கூடத்தான் செய்யும். ஐஸ் உருகுவதற்குச் சூடு வேண்டும். உப்பு அதை வலுக்கட்டாயமாக உருக வைக்கிறது. அது பக்கத்தில் இருக்கிற ஐஸில் இருந்தும் மீனில் இருந்தும் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு உருகுகிறது. பிடுங்கப் பிடுங்கக் குளிர் இறங்குகிறது, அதே வேகத்தில் ஐஸ் தீர்கிறது. எங்கள் டேங்கில் அந்தக் குளிரைத் திரும்பத் திரும்ப உண்டாக்க மெசின் இருக்கிறது. போட்டில் மெசின் இல்லை. கையில் இருக்கும் ஐஸை எரித்துத்தான் அந்தக் குளிர் வருகிறது. குளிர் கூடுவது வேறு, நாள் நிற்பது வேறு.

இதையெல்லாம் நான் எழும்பிப் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். அவனே பார்க்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நானும் இர்ஷாதும் தனித்தனியே வீட்டுக்கு வந்தோம். அவன் தொப்பியைக் கழற்றாமலே பெட்டிகளைத் திறந்தான். உப்புப் போட்ட பெட்டியில் தண்ணீர் மட்டும்தான். கையை விட்டுத் துழாவினான். ஒரு துண்டும் அகப்படவில்லை. மற்றப் பெட்டியில் பாதிக்குமேல் ஐஸ் வெள்ளையாகக் கிடந்தது.

அவன் முற்றத்திலேயே குந்திவிட்டான். நஸ்லியா வந்து பக்கத்தில் நின்றாள். நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் கதைத்தது என்னோடு இல்லை, அவளோடு.

"உங்கட வாப்பா அண்டைக்குக் கடல் தண்ணி எண்டு சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, உப்புத் தண்ணீர்ப் பெட்டியைக் கவிழ்த்தான். "பலகைய மாத்திட்டு, அடுத்த பயணத்துக்கு நான் ரெண்டு மூட்டை உப்பு ஏத்தியிருப்பன். ஐஸ் நிக்கும் எண்ட நம்பிக்கையில இன்னும் தூரம் போயிருப்பன்."

அன்றுவரை நான் சரியாகச் சொன்னேன் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எனக்கு விளங்கவைத்தவன் அவன்தான். பிழையான காரணத்தை ஒத்துக்கொண்டால் பிழையான இடத்தைத்தான் திருத்துவோம். உருகுநிலையைத் தெரிந்து என்ன பிரயோசனம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

ஹாஜியார் அந்தப் போட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இர்ஷாத் வேறொருவரின் போட்டில் சாதாரண ஆளாகக் கடலுக்குப் போனான், ஸ்கிப்பராக மீண்டும் ஏறக் காலம் எடுத்தது. அந்தக் காலத்தில் வீடு நெருக்கடியில்தான் ஓடியது. அதை நான் மறைக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, கால் கழுவிவிட்டு வழக்கம்போலப் பின் அறைக்குப் போகத் திரும்பினேன். நஸ்லியா முன் அறையில் பாய் விரித்து இரண்டு பீங்கான் தட்டு வைத்தாள். ஒன்றில் சோறு போட்டு இர்ஷாத் பக்கம் தள்ளினாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எங்க போறீங்க வாப்பா, இஞ்சயே இருந்து சாப்பிடுங்க" என்றாள்.